பன்றி, பாம்பு, பால்குடம்

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ராபெரி பறிக்க வருகிறார்கள். நான் காலி முட்டைக்கோஸ் கூடைகளோடு லாரியில் வந்தேன்.

கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்கு. அதற்காகத்தான் பல்கலைக்கழகம் என்னை விமானம் ஏற்றி அனுப்பியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். விமானம் ஏறிய முதல் ஆளும் நானே. எண்டோதீலின் என்ற பொருளைப் பற்றி ஆராய்கிறேன். நம் ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்கும் ஒரு சின்னப் புரதத் துணுக்கு அது. இதை வீட்டில் விளக்க முயன்று களைத்துவிட்டேன். அம்பாசமுத்திரம் பக்கம் தண்ணீர்க் குழாய் மாட்டும் வேலை பார்க்கும் என் அப்பா, யாராவது கேட்டால், "அவனும் குழாய் வேலைதான் பாக்கான். இது உள்ள ஓடுத குழாய்" என்று சொல்லிவிடுவார். அதைவிடச் சுருக்கமாக நானும் சொன்னதில்லை.

கருத்தரங்கில் பழக்கமானவர் தேவிகா. கோலாலம்பூரிலேயே ஆராய்ச்சி செய்கிறார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். எண்டோதீலினைத் தடுக்கும் மாத்திரையைத் தன் அத்தை சாப்பிடுவதாகச் சொன்னார். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நடக்கிறது, எனக்கு வர முடியாது, நீங்கள் போய் அந்த மருந்தின் கதையைத் தமிழில் கொஞ்சம் பேசினால் என்ன என்று கேட்டார். தமிழில் அதைப் பற்றி நான் எங்கேயும் பேசியதில்லை. ஆசையாக இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

தேவிகாவின் மாமா முத்தையா அண்ணன், திரிங்காப் தோட்டங்களின் காய்கறியைக் கோலாலம்பூர் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் என்னை ஏற்றிக்கொண்டார். அகலமான ஆள், சின்னக் குரல். மலை தொடங்கும் இடத்தில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினார். மலேசியா வந்த நாள் முதல் சாப்பாட்டு விஷயத்தில் நான் ஒரு கொள்கையோடு இருந்தேன்: கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு கை பார்ப்பது. தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, அவித்த முட்டை, மேலே ஒரு கோழித் தொடை என்று நாசி லெமாக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் வெறும் தேநீர் மட்டும் குடித்தார். அப்போதுதான் அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைப் பார்த்தேன்.

"காப்பு கட்டியாச்சு தம்பி. நீங்க சாப்பிடுங்க லா. மேல போய்ட்டா லயம் முழுக்க பருப்புதான்."

அந்தக் கோழித் தொடை வெகுதூரம் என்னோடு வரவில்லை. மாஞ்சோலைக்குப் பேருந்தில் போய் வந்தவன் என்ற தைரியத்தில் ஜன்னலோரம் சாய்ந்திருந்தேன். மாஞ்சோலை வளைவுகளில் பேருந்து நம்மேல் இரக்கப்பட்டு மெதுவாகப் போகும். இந்த மலையில் எதிரே வரும் லாரிக்காரர்கள் எல்லாரும் அண்ணனுக்கு உறவு போல. ஒவ்வொருவருக்கும் ஒரு கை காட்டல், ஒரு ஹாரன், ஒரு வளைவு. நடுவழியில் ஒரு காலிக் கூடை எனக்குப் பயன்பட்டது. அண்ணன் ஓர் ஓடைப் பக்கம் நிறுத்தி அதைக் கழுவிக் கவிழ்த்தார்.

தோட்டம் வந்தபோது குளிர் எலும்பைத் தொட்டது. மலை மடிப்புகளில் சீப்பால் வாரிய மாதிரி தேயிலை, நடுவில் தகரக் கூரை போட்ட லயத்து வீட்டு வரிசைகள், அவற்றுக்கு மேலே நீலமும் சிவப்புமாகக் கோயில் கோபுரம். வாசலில் வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே சரோஜா அக்கா நின்றிருந்தார். தேவிகாவின் அத்தை, அண்ணனின் மனைவி. அந்தக் குளிரில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவர் மட்டும் கம்பளிக் கையுறை போட்டிருந்தார்.

அவர் கதையை அண்ணன் லாரியிலேயே சொல்லியிருந்தார். அக்கா திரிங்காப்பில் சாமந்திப் பூ கட்டி அடுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். பூவை வைக்கும் குளிர் அறைக்குள் போய் வந்தால் விரல்கள் முதலில் வெள்ளையாகும், பிறகு நீலமாகும். குளிர்தானே என்று பல வருஷம் விட்டுவிட்டார்கள். பிறகு விரல் நுனிகளில் புண். ஒரு புண் ஆறுவதற்குள் அடுத்தது. வலது ஆள்காட்டி விரலின் நுனி கொஞ்சம் போயே போய்விட்டது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில், தோலும் ரத்தக் குழாயும் இறுகும் நோய் என்று கண்டுபிடித்து இந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். காலை ஒன்று, மாலை ஒன்று, அவ்வப்போது ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை. புதுப் புண் வராமல் இருந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று அக்கா மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். வரவில்லை. அந்தப் பால்குடம்தான் இந்தத் திருவிழாவில்.

அன்று சாயங்காலமே கோயில் ஹாலில் என் பேச்சு. பிளாஸ்டிக் நாற்காலிகள், மசாலா பால், வரிசையாக மஞ்சள் கயிறு கட்டிய கைகள். கருத்தரங்கில் என் பேச்சுக்கு வந்தவர்களைவிட இங்கே கூட்டம் அதிகம். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

ரத்தக் குழாயின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காக ஒரு மெல்லிய படலம் உண்டு என்று ஆரம்பித்தேன். வெகுகாலம் அதைச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரிதான் நினைத்தார்கள். பிறகு, அது சும்மா இருப்பதில்லை, குழாயைத் தளர்த்தும் ஒன்றைச் சுரக்கிறது என்று கண்டார்கள். தளர்த்த ஒன்று இருந்தால் இறுக்கவும் ஒன்று இருக்குமோ? அமெரிக்காவில் சிலர் அந்தப் படலத்தின் செல்களைத் தட்டில் வளர்த்து, அவை ஊறிய நீரை எடுத்து, ஒரு ரத்தக் குழாய்த் துண்டின்மேல் விட்டுப் பார்த்தார்கள். குழாய் இறுகியது. ஆனால் அந்த நீரில் இறுக்கியது எது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பிடித்தது ஜப்பானில் ஒரு குழு. அவர்கள் செல் எடுத்தது எதிலிருந்து தெரியுமா என்று கேட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, "பன்றியிலிருந்து" என்றேன். பன்றியின் பெருங்குழாயை வாங்கி, உள்படலத்தைச் சுரண்டி, வளர்த்து, அந்த நீரை வடித்து வடித்துக் கடைசியில் கையில் கிடைத்தது இருபத்தொரு மணி கோத்த ஒரு குட்டி மாலை. அதுதான் எண்டோதீலின்.

ஹாலில் ஒரு சலசலப்பு. ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உடனே பாம்பை எடுத்துவிட்டேன். இந்த மாலையின் வரிசையை உலகத்துக்குச் சொன்னதும்தான் தெரிந்தது, எங்கோ பாலைவனத்தில் மண்ணுக்குள் புதைந்து வாழும் ஒரு பாம்பின் விஷத்திலும் ஏறக்குறைய இதே மாலை இருக்கிறது. கடித்தால் இதயத்தின் குழாய்கள் இறுகி ஆள் போய்விடுவான். முன்வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இனி மருந்துக்கு வரலாம் என்று வாயைத் திறந்தேன். கோயிலில் பூஜை மணி அடித்தது. நாற்காலிகள் காலியாயின.

பரவாயில்லை, சுவாரசியமான பகுதியைச் சொல்லிவிட்டோம் என்று திருப்தியோடு பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலை பெரிய கோப்பையில் தேநீர் கொண்டுவந்து கொடுத்த முத்தையா அண்ணன், போகாமல் நின்றார். அக்கா நேற்றுச் சாயங்காலத்து மாத்திரையும் சாப்பிடவில்லை, இன்று காலையதும் சாப்பிடவில்லை என்றார். காப்பு அவிழ்க்கும்வரை தொடமாட்டாளாம். அதற்குள் நாளைக்குப் பால்குடம் வேறு, விடிகாலைக் குளிரில், பித்தளைக் குடத்தைப் பிடித்துக்கொண்டு.

தேநீர் அப்படியே இருக்க அடுப்படிக்குப் போனேன். அக்கா கையுறையோடு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கோபமாக எல்லாம் இல்லை. என்னை உட்காரச் சொல்லி, பசியாறச் சொல்லி, பிறகுதான் பேசினார்.

"முட்டையைக் கூட தொடாம விரதம் இருக்கேன் தம்பி. நாளைக்கு ஒரு நாளுதான் அவகிட்ட போய் நிக்கப் போறேன். வயித்துக்குள்ள பன்னியையும் பாம்பையும் வெச்சுக்கிட்டு எப்படி நிக்கறது?"

நான் படபடவென்று விளக்கினேன். பன்றி ஆராய்ச்சியில் இருந்தது, மாத்திரையில் இல்லை. பாம்பு ஆராய்ச்சியில்கூட இல்லை, பாம்புக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே கிடையாது. எண்டோதீலின் அக்காவின் உடம்பிலேயே ஊறுகிறது, என் உடம்பிலும் ஊறுகிறது. அது வந்து மாட்டும் பூட்டில் வேறொரு பொருளைச் செருகி அடைப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை, அந்தப் பொருளை ரசாயனத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். அக்கா முழுவதும் கேட்டார். வெண்டைக்காயை ஓரமாக வைத்தார்.

"அப்ப சத்தியம் பண்ணுங்க."

ஒரு தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்திவிட்டார். எங்கள் ஊரிலும் இதுதான் கடைசி நீதிமன்றம். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரணை இல்லை. அடுப்படி வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

தூக்கிய கை நின்றுவிட்டது. மாத்திரை என்றால் மருந்து மட்டுமா? அச்சில் ஒட்டாமல் இருக்க ஒரு தூள் போடுவார்கள், கொழுப்பிலிருந்து எடுப்பது. சில கம்பெனி செடிக் கொழுப்பிலிருந்து எடுக்கும், சில கம்பெனி மிருகக் கொழுப்பிலிருந்து. இந்த மாத்திரையில் எது? தெரியாது. இத்தனை வருஷம் இந்த மருந்தைப் பற்றிப் படித்திருக்கிறேன், இதை ஒருநாளும் தேடியதில்லை.

சூடம் தானாகவே எரிந்து அணைந்தது. வாசலில் யாரோ, "படிச்சவரே கைய வைக்க மாட்டேங்கறாரு பாரு" என்றார்கள். லயம் முழுக்க அந்தச் செய்தி போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. இனி யார் சொன்னாலும் அக்கா கேட்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. நான் உருப்படியாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சும்மா ஸ்ட்ராபெரி பறிக்க வந்திருந்தால் அவர் இந்நேரம் மாத்திரை சாப்பிட்டிருப்பார்.

"தெரியலக்கா. தெரிஞ்சுட்டு வந்து சொல்றேன்" என்றேன். அக்கா தலையசைத்தார். சூடம் டப்பாவை மூடாமல் வைத்தார்.

மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அண்ணனோடு லாரியில் தானா ராத்தா டவுனுக்குக் கிளம்பினேன். அக்காவுக்கு மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரிக் கவுண்டர் அங்கேதான். வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகைக்கு அடைத்துவிடுவார்கள். அது போதாதென்று பள்ளி விடுமுறை. மலையில் இருக்கும் ஒரே சாலையில் சமவெளியின் அத்தனை கார்களும் ஏறியிருந்தன. குடும்பம் குடும்பமாக இறங்கி, ஸ்ட்ராபெரி மாதிரி செய்துவைத்த பொம்மைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடைக்கானல் நெரிசலில் எல்லாரும் ஹாரன் அடித்து ஆறுதல் தேடுவார்கள். இங்கே யாரும் ஹாரன் அடிக்கவில்லை; அந்த அமைதி இன்னும் பதற்றமாக இருந்தது.

"எறங்கி நடங்க தம்பி. லோரிய விட உங்க காலு வேகம்."

நடந்தேன். பிறகு ஓடினேன். அவித்த சோளம் விற்கிற கடைகள், தொட்டியில் வளர்த்த கள்ளிச்செடிகள், மழைத் தூறல் எல்லாவற்றையும் தாண்டி மூச்சிரைக்கக் கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தார்கள். உள்ளே பச்சை முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண், மருந்தாளர். பாதி ஆங்கிலமும் பாதி கையுமாக விஷயத்தைச் சொன்னேன். நோயாளியைப் பற்றி எதுவும் கேட்க வரவில்லை, மாத்திரையைப் பற்றி மட்டும்தான் என்றேன்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தவர், பன்றிக் கொழுப்பா என்றுதானே கேட்கிறீர்கள் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரித்துவிட்டு, இந்தக் கேள்வியைக் கேட்காமல் எங்கள் ஆட்கள் ஒரு மாத்திரை வாங்குவார்களா என்றார். பன்றி மட்டும் இல்லை, மாடு, ஆடு, கோழி எதுவும் கூடாது, அம்மனுக்கு விரதம் என்று சொன்னேன். அது கொஞ்சம் பெரிய கேள்வி என்று அவர் ஒத்துக்கொண்டார். இறக்கிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, தொலைபேசியை எடுத்து, மருந்தை வரவழைத்துத் தரும் கம்பெனியைக் கூப்பிட்டார். அங்கிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர். காத்திருக்கும்போது பாட்டு போட்டார்கள். அவரும் மெதுவாகத் தலையாட்டினார். தொழுகைக்குக் கிளம்பிய ஆட்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஏதோ எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். உள்ளே மருந்தும் சோள மாவும், மேலே ஒரு பூச்சு, அந்தத் தூள் முழுக்கச் செடியிலிருந்து எடுத்தது, மிருகம் எதுவும் இல்லை. பிறகு குரலை மாற்றி எனக்கு ஒரு பாடம் எடுத்தார்: விட்டுப்போன மாத்திரைகளுக்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது, இன்று சாயங்காலத்திலிருந்து வழக்கம்போல ஒன்று. நான் எண்டோதீலின் ஆராய்ச்சியாளன் என்று அவரிடம் சொல்லவில்லை. நன்றி சொன்னபோது அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "கேட்க வந்தீர்களே. கேட்காமலே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்."

வெளியே வந்தால், முத்தையா அண்ணனின் லாரி அப்போதுதான் ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. திரும்ப அதே நெரிசலில் ஏறினோம். அவர் வாங்கித்தந்த அவித்த சோளத்தைத் தின்றபடி, மாத்திரைக்குள்ளும் இதுதானாம் என்று சொன்னேன். அண்ணன் தன் சோளத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுக் கடித்தார்.

லயத்துக்கு வந்தபோது சாயங்கால மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. காலையில் நின்ற அதே ஆட்கள் வாசலில். அக்கா சூடத்தை வைத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மருந்து தருகிற கம்பெனி சொன்னதாக மருந்தாளர் என்னிடம் சொன்ன தகவலின்படி, இந்த மாத்திரையில்..." என்று ஆரம்பித்தேன். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி எழுதி வந்த பழக்கம்.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, 'சொன்னதாக சொன்னாங்க'ன்னா யாரு சத்தியம் அது? நாளைக்கு மாரியாத்தா அந்தக் கம்பெனிக்காரனையா போய் கேப்பா?"

வாசலில் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வி சரிதான். என் துறையில் எந்த வாக்கியத்தையும் தனியாக நிற்க விடமாட்டோம்; ஒரு 'கூடும்', ஒரு 'அறியப்படுகிறது' என்று முட்டுக்கொடுத்துத்தான் நிறுத்துவோம். அந்த மருந்தாளர் இறக்கிய கண்ணாடியை மேலே தள்ளியதை நினைத்துப் பார்த்தேன். அவர் விசாரித்த விதத்தை நம்புகிறேனா? நம்புகிறேன். அப்படியென்றால் வாக்கியம் என்னுடையதாக இருக்கட்டும்.

"இந்த மாத்திரையில பன்னி இல்ல, பாம்பு இல்ல, எந்த உசுரும் இல்ல" என்று சொல்லி, சூடத்தின்மேல் கையை அடித்தேன்.

சுட்டது. லேசாக அல்ல. மெதுவாக அடித்தால்தான் சுடும், ஓங்கி அடிக்க வேண்டும் என்று அண்ணன் பிறகு சொன்னார். அக்கா மாத்திரையைப் பிரித்தார், வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார். பிறகு என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, மஞ்சளைக் குழைத்துப் பூசப் போனார். குளிர்ந்த தண்ணீர் போதும் என்று தப்பித்துக்கொண்டேன்.

மறுநாள் பனி விலகுவதற்கு முன்பே மேளம் தொடங்கிவிட்டது. தேயிலைக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் மஞ்சள் சேலைகள் வரிசையாக வந்தன. எல்லார் தலையிலும் குடம். அக்காவின் குடத்துக்கு மட்டும் மஞ்சள் துணிக்குள்ளே கம்பளி சுற்றியிருந்தது. அண்ணன் விடிகாலையில் உட்கார்ந்து தைத்தது. சாமி குடத்தைப் பிடிக்கக் கையுறை வேண்டாம் என்று அக்கா சொன்னதால், கையுறையைக் குடத்துக்குப் போட்டுவிட்டார். நான் கூட்டத்தோடு நடந்துகொண்டே அந்த விரல்களையே பார்த்தேன். வெள்ளையாகிறதா, நீலமாகிறதா? ஒரு வளைவில் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. கோயில் அடுப்புகளின் பக்கம் வந்ததும் நிறம் திரும்பிவிட்டது. ஆய்வகத்தில் கருவியில் மாட்டிய ரத்தக் குழாய் வளையம் இறுகுவதையும் தளர்வதையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இப்படிப் பயந்துகொண்டு பார்த்ததில்லை.

பால் அம்மன்மேல் வழிந்து முடிந்தது. அக்கா கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது. அம்மனிடம் என்ன பேசினார் என்று யாரும் கேட்கவில்லை.

அன்னதானப் பந்தியில் சாம்பார், புளிக்கறி, பாயசம். நாசி லெமாக் நினைவே வரவில்லை என்று சொன்னால் சூடத்தில் அடிக்கச் சொல்வீர்கள், அதனால் சொல்லவில்லை. அக்கா எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த காலை மாத்திரையை எடுத்து, பாயசம் வருவதற்கு முன்பே விழுங்கிவிட்டு, நர்ஸிடம் காட்டுவதுபோல நாக்கை நீட்டிக் காட்டினார்.

"கை எரியுதா தம்பி?"

கொஞ்சம் எரிகிறது என்றேன்.

"எரியட்டும். அடுத்த தடவை எங்கயாச்சும் பேசப் போனா, மொதல்ல மாத்திரையச் சொல்லுங்க. பன்னியும் பாம்பும் பூஜை முடிஞ்சு வரட்டும்."

ஊர் திரும்பிய அன்று அப்பா என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, குழாய் வேலையில் இதெல்லாம் சகஜம் என்றார்.